பழைய தங்க நகையை உருக்கு விலைக்கு விற்பதா, வைத்திருப்பதா: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகு தொலைந்த ஒற்றைத் தோடு, கொக்கி அறுந்த சங்கிலி, குழந்தைக்குப் போட்டுச் சிறுத்துப்போன காப்பு, பாட்டி காலத்து வெள்ளைக்கல் அட்டிகை என்று யாரும் அணியாத நகைகள் சில பெரும்பாலான வீடுகளின் பீரோவில் இருக்கும். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் இவற்றைக் கடையில் போட்டுவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. கல்லூரிக் கட்டணம், வீட்டு வேலை, மருத்துவச் செலவு என்று ஏதாவது ஒன்று நெருக்கினால், அந்தப் பேச்சு அன்றைக்கே முடிவாகவும் ஆகிவிடுகிறது.

பெரும்பாலோர் நகையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய், அங்கே சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு, அதன்பிறகு விற்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. நகையில் உண்மையாக எவ்வளவு தங்கம் இருக்கிறது, அதன் மாற்று (அதாவது தங்கத்தின் தூய்மை) என்ன, அதை விற்கும் உரிமை யாருக்கு இருக்கிறது ஆகிய மூன்றும், வாங்கப்போகிறவரின் வாயால் அல்லாமல், நமக்கே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரிந்தபின் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது நம்முடைய முடிவாக இருக்கும்.

முதலில் பிரித்து வையுங்கள்

ஒரு வெள்ளைத் துணியை விரித்து, எல்லா நகைகளையும் அதில் பரப்பி, உருக்கினாலும் மதிப்பு எதையும் இழக்காதவை ஒரு பக்கம், உருக்கினால் வேலைப்பாட்டையோ கல்லையோ இழக்கக்கூடியவை இன்னொரு பக்கம் என்று பிரியுங்கள். அறுந்த சங்கிலி, நசுங்கிய வளையல், ஜோடி இல்லாத தோடு, இயந்திரத்தில் அச்சடித்த மோதிரம் ஆகியவை முதல் வகை. இவற்றை வைத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. பணத்தேவை இருந்தால் தயங்காமல் விற்கலாம். ஆனால் கொக்கி மட்டும் போனது, ஓர் இடத்தில் மட்டும் பற்று (துண்டுகளை இணைக்க உருக்கி வைக்கும் உலோகம்) விட்டது போன்ற குறைகளை ஒரு பட்டறையில் சில நூறு ரூபாயில் சரிசெய்துவிட முடியும். அணியக்கூடிய நகையை அந்தச் சிறு குறைக்காக உருக்கிவிட்டு, பிறகு அதே போன்ற ஒன்றைச் சேதாரமும் செய்கூலியும் கொடுத்து வாங்குவது வீண் நட்டம்.

இரண்டாம் வகையில் நிதானம் வேண்டும். கையால் செய்த மாங்காய் மாலை, கெம்புக்கல் பதக்கம், நெளி, மேற்கையில் அணியும் வங்கி போன்றவற்றை இன்று அதே நேர்த்தியில் செய்துதரும் ஆசாரிகள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தாலும் கூலி மிக அதிகம். உருக்கினால் கிடைக்கும் தங்கத்துக்கு மட்டும் தரும் உருக்கு விலையில் அந்த வேலைப்பாட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆகவே இந்த வகை நகையை விற்றே தீர வேண்டுமென்றால், முதலில் உறவுக்குள் யாராவது விரும்புகிறார்களா என்று கேளுங்கள். மதிப்பிட்ட உருக்கு விலையை அவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டு நகையை எடுத்துக்கொண்டால், உங்களுக்கும் நட்டமில்லை, அவருக்கும் செய்கூலி மிச்சம், நகையும் குடும்பத்திலேயே இருக்கும்.

வைரக் கற்கள் தனிச் செய்தி. தமிழ்நாட்டுப் பழைய குடும்பங்களில் ‘ப்ளூ ஜாகர்’ என்று சொல்லிப் போற்றப்பட்ட கற்கள் பதித்த ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பழைய தங்கம் வாங்குகிறவருக்குக் கல் என்பது எடையில் கழிக்க வேண்டிய பொருள், அவ்வளவுதான். வைரம் என்று குடும்பத்தில் வழங்கிவரும் எதையும், வைரத்தை மட்டும் மதிப்பிடத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் தங்கத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுச்சேரி வீடுகளில் இன்னும் இரண்டைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று, பிரெஞ்சு நாட்டின் 20 பிராங்க் தங்கக் காசு. இதன் எடை 6.45 கிராம், தங்கம் 90 விழுக்காடு. ஆங்கிலேயர் காலத்துச் சவரன் காசு 7.98 கிராம், 22 காரட். வளையம் பற்றவைத்து மாலையில் கோத்த காசுக்குப் பெரும்பாலும் தங்க விலைதான் கிடைக்கும்; பற்று வைக்காத, தேயாத காசு என்றால் நாணயம் சேகரிப்பவர்களிடம் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. எனவே அதை உருக்கும் குவியலில் சேர்க்காதீர்கள். மற்றொன்று, பிரான்சிலிருந்து வந்த நகை. அதில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில் ஒரு கழுகுத் தலை முத்திரை இருந்தால், அது 1838 முதல் பிரெஞ்சு அரசு பயன்படுத்திவரும் தர முத்திரை. இத்தகைய நகை பெரும்பாலும் 18 காரட்டாக இருக்கும். மாற்றுப் பார்க்கும் இயந்திரம் 75 என்று காட்டும்போது, கடையில் ‘மாற்று குறைச்சல்’ என்று முகம் சுளித்தால் நீங்கள் கலங்க வேண்டியதில்லை. அது கலப்படம் அன்று. அந்நாட்டின் வழக்கமான தரம். அதில் நூற்றுக்கு 75 பங்கு சுத்தத் தங்கம் இருக்கிறது, அதற்கான விலை உங்களுக்கு வர வேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள நகையாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பாரிஸில் இருக்கும் மகளிடம் கொடுத்து அங்கே விற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எடையும் மாற்றும்

‘நாலு பவுன் அட்டிகை’ என்று வீட்டில் தலைமுறையாகச் சொல்லிவந்தால், அந்த நாலு பவுன், அதாவது 32 கிராம், கல்லும் அரக்கும் சேர்ந்த மொத்த எடையாகவே பெரும்பாலும் இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பொருள் முழுதாகப் புரியும். புதுச்சேரி பாரதி வீதிக்கு அருகே ஒரு சிறு பட்டறையில், உறவினர் ஒருவரின் பழைய வெள்ளைக்கல் அட்டிகையின் பின்தகட்டை ஆசாரி பிரித்தபோது நான் உடனிருந்தேன். ஊதுகுழலால் இலேசாகச் சூடு காட்டியதும், தகட்டின் ஓரத்திலிருந்து அரக்கு கறுத்துக் குமிழிட்டு வெளியே வந்தது. அரக்கு எரியும் வாடை பட்டறை முழுக்கப் பரவியது. கல்லுக்குப் பின்னால் ஒளி கூட்டுவதற்காக வைத்திருந்த மெல்லிய தாள் சுருங்கி மடங்கி, கல் தானாகக் கழன்று தட்டில் விழுந்தது. எஞ்சிய தங்கம் கையில் எடுத்தால் காகிதம் போல மெலிந்திருந்தது. பின்பக்கம் மூடிய கல் நகை எதிலும் இப்படித்தான் இருக்கும். செய்தவர் ஏமாற்றியதாகப் பொருளில்லை. கல்லைப் பிடித்து நிறுத்த அரக்கு தேவைப்பட்டது. ஆனால் விற்கும் நாளில் அந்த அரக்கிற்கு விலை கிடையாது.

அடுத்தது மாற்று. 22 காரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு சுத்தத் தங்கம். பழைய நகைகள் 22 காரட் தங்கத்தில் தொடங்கப்பட்டிருந்தாலும், இணைப்புகளில் வைத்த பற்றில் செம்பும் வெள்ளியும் அதிகம் கலந்திருக்கும். மணியும் வளையமும் நிறைந்த நகையில் பற்றுவைத்த இடங்கள் அதிகம் என்பதால், மொத்தமாக உருக்கும்போது மாற்று 916-இலிருந்து கணிசமாக இறங்கிவிடும். பிற்காலத்தில் காட்மியம் கலந்த பற்று வந்தபோது இந்த இறக்கம் குறைந்தது, ‘கே.டி.எம்.’ என்ற முத்திரை அந்தப் பற்றைக் குறிக்கிறதே தவிர, தங்கத்தின் தரத்துக்கு அரசு கொடுத்த உறுதி அன்று. இன்னொரு காலக்கட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்யக் கூடாது என்றன. அந்த ஆண்டுகளில் திருமணம் நடந்தவர்களின் நகை சில, 14 காரட் அளவில், அதாவது ஆயிரத்துக்கு 585 என்ற தரத்தில் இருக்கலாம். பாட்டியின் நகை என்பதாலேயே அது சொக்கத் தங்கம் என்று கருதிவிட முடியாது.

தங்க நகைக்குத் தர முத்திரை இடும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முறை 2000-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முன் வாங்கிய நகையில் ‘916’ என்று பொறித்திருந்தால் அது கடைக்காரர் தாமாகப் பொறித்தது. 2021 ஜூலையிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு கொடுக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறியீடு இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அந்த எண் உங்கள் நகையில் இருந்தால், ‘பிஐஎஸ் கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் அதை இட்டு, தரத்தையும் எந்தக் கடை முத்திரையிட்டு வாங்கியது என்பதையும் பார்க்கலாம். ஹால்மார்க் இல்லாத பழைய நகையைப் பொதுமக்கள் விற்கத் தடை இல்லை. கடைகளும் அதை வாங்கலாம் என்று 2021-இல் கட்டாய ஹால்மார்க் வந்தபோதே அரசு தெளிவுபடுத்தியது. ‘முத்திரை இல்லை, அதனால் பாதி விலைதான்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

மாற்றைத் தெரிந்துகொள்ள நேர்மையான வழி, நகை வாங்கும் கடைக்குப் போகும் முன்பே, அரசு அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் பரிசோதனை மையத்தில் சோதித்துக்கொள்வது. மையங்களின் பட்டியல் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பொதுமக்களின் நகைக்கு, நான்கு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய், வரி தனி என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இலட்சக்கணக்கில் பணம் புரளும் ஒரு முடிவுக்கு இது மிகச் சிறிய செலவு. எனக்குத் தெரிந்து இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, அதுதான் வருத்தமாக இருக்கிறது.

பரிசோதனையிலும் கடையிலும் பயன்படும் எக்ஸ் கதிர் இயந்திரம் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். முலாம் பூசி மெருகேற்றிய நகையில் அது உண்மையைவிட அதிகமாகவும், பற்றுவைத்த இடத்தில் வைத்துப் பார்த்தால் குறைவாகவும் காட்டும். ஆகவே முகப்பு, பின்தகடு, இணைப்பு என்று பல இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லி, ஒவ்வோர் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் இடத்தில் வைத்து எடுத்த எண்ணைக் கொண்டு மொத்த நகைக்கும் விலை போடுவதை ஏற்காதீர்கள்.

கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்

எடுத்துக்காட்டாக, அதே 32 கிராம் அட்டிகையில் கல்லும் அரக்கும் நாலரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் தங்கம் 27.5 கிராம். உருக்கியபின் மாற்று 86 விழுக்காடு என்றால், அதிலுள்ள சுத்தத் தங்கம் 23.65 கிராம். இதை 0.916-ஆல் வகுத்தால், 22 காரட் அளவில் 25.82 கிராம் வரும். கணக்கு எளிதாக இருக்க 22 காரட் விலையைக் கிராமுக்கு 10,000 ரூபாய் என்று கொண்டால், உங்களுக்கு வர வேண்டியது ஏறத்தாழ 2,58,000 ரூபாய். உண்மையான விலையை அன்றன்றைய செய்தித்தாளிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைகள் சென்னை விலையை ஒட்டியே நடக்கின்றன.

இதே அட்டிகைக்கு ஒரு கடை, ‘மாற்று 84, அதற்கு மேல் மூன்று விழுக்காடு கழிவு’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். காதில் விழும்போது இரண்டும் சிறிய எண்கள். கணக்குப் போட்டால் கிடைப்பது சுமார் 2,44,600 ரூபாய். 13,500 ரூபாய்க்கு மேல் குறைகிறது. உருக்கி, மாற்றுப் பார்த்து, அந்த மாற்றுக்கே விலை போட்டபின் மறுபடி ‘கழிவு’ என்று கழிப்பதற்குக் காரணம் கேட்க வேண்டும். சுத்திகரிப்புச் செலவு என்று ஒரு சிறு தொகை நியாயமாக இருக்கலாம். அது எவ்வளவு என்று முதலிலேயே சொல்லப்பட வேண்டும்.

பழையதைப் போட்டுப் புதியது எடுப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன 2,58,000 ரூபாய்க்குச் சேதாரம் 14 விழுக்காடு, மொத்தத்துக்கு 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று புது நகை வாங்கினால், கைக்கு வருவது 22 கிராம்தான். நாலு பவுன் என்று பெயர் பெற்ற அட்டிகை, கையிலிருந்து ஒரு ரூபாயும் போடாவிட்டால், இரண்டே முக்கால் பவுன் புது நகையாகத் திரும்பி வருகிறது. ‘பழைய நகைக்குக் கழிவே இல்லை’ என்று ஆடி மாதத்திலும் அட்சய திருதியைக்கும் வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது, புது நகையின் சேதாரம் எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். இந்தப் பக்கம் விட்டுக்கொடுத்ததை அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ள இயலும். உண்மையில் அணிவதற்கு நகை வேண்டியிருந்தால் மாற்றுவது சரி. முதலீடாக நினைத்து மாற்றுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இது யாருடைய நகை?

வீட்டில் இருக்கிறது என்பதால் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆகாது. பெண்ணுக்குத் திருமணத்தின்போது பிறந்த வீட்டாரும் மற்றவரும் கொடுத்த நகை அவளுக்கே உரிய சொத்து. கணவனோ மாமியாரோ அதற்கு உடைமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருமகளின் நகையைக் குடும்பச் செலவுக்கு விற்கும் பேச்சு வரும்போது, அவளுடைய சம்மதம் வெறும் மரியாதைக்காகக் கேட்கப்படுவதன்று. அது இல்லாமல் விற்கும் உரிமையே கிடையாது. இறந்துபோன தாயின் நகை என்றால், உயில் இல்லாதபோது, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் தங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் நகைகளின் படம், எடை, பரிசோதனைச் சீட்டு மூன்றையும் அனுப்பி, எழுத்தில் சம்மதம் பெற்றபின் விற்றால், பின்னாளில் ‘அம்மாவுடைய அட்டிகை என்ன ஆயிற்று’ என்ற மனத்தாங்கலுக்கு இடமிருக்காது.

அடகு வைப்பது எப்போது, விற்பது எப்போது

தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நகை அடகுக்குப் போவதும், தடை முடிந்து வருமானம் வந்தபின் மீட்கப்படுவதும் வழக்கம். அது பொருத்தமான அடகு. ஏனென்றால் பணம் திரும்பி வரும் காலம் தெரிந்திருக்கிறது. கரும்புப் பணம், முந்திரிப் பணம், வங்கியில் முதிரப்போகும் வைப்புத்தொகை என்று வரவு உறுதியாக இருந்தால், நல்ல நகையை விற்க வேண்டாம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வையுங்கள். ரிசர்வ் வங்கியின் புதிய விதிகளின்படி, 2026 ஏப்ரல் 1 முதல், இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடும், ஐந்து இலட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் உச்ச வரம்பு. கடன் முழுவதும் அடைத்தபின் நகையை ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

வரவு எங்கிருந்து வரும் என்று சொல்லத் தெரியாத நிலையில் அடகு வைப்பது வேறு கதை. இரண்டு இலட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகள் கிடந்தால், வட்டி மட்டும் 60,000 ரூபாய்க்குக் குறையாது. தனியார் அடகுக்கடை வட்டி இன்னும் கடுமையாக இருக்கும். வட்டி கட்ட முடியாமல் நகை மூழ்கிப்போவதைவிட, தேவையான அளவுக்கு மட்டும் முதல் வகையிலுள்ள உடைசல் நகைகளை இன்றே விற்றுவிடுவது மேல். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலாவையும் சாய்த்ததே, அதுபோன்ற நாட்களில் முதலில் நினைவுக்கு வருவது பீரோவில் இருக்கும் நகைதான். அவசரத்தில் விற்பவரிடம் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. அதனால்தான் எடையையும் மாற்றையும் நிம்மதியாக இருக்கும் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இந்தக் குறிப்பை நகையோடு வைக்காமல் தனியே, கைப்பேசியில் படமாகவும் வைத்திருந்தால், வெள்ளத்தில் நனைந்து போகாது.

கடையில் நடந்துகொள்ள வேண்டிய முறை

கூட்டமில்லாத வாரநாள் காலையில் போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைகளிலும் நேரு வீதிக் கடைகளிலும் குறைந்தது மூன்று இடங்களிலாவது, நகையைக் கொடுக்காமல் விதிமுறையை மட்டும் கேளுங்கள்: இன்றைக்கு விற்கும் விலை என்ன, பழையதை வாங்கும் விலை என்ன, உருக்கிப் பார்த்தா இயந்திரத்தில் பார்த்தா விலை போடுவீர்கள், கழிவு எவ்வளவு, பணமாகக் கேட்டால் ஒரு விலையும் மாற்றிக்கொண்டால் வேறு விலையுமா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் கடையே போதும். பெரிய கடை சிறிய கடை என்ற வேறுபாட்டுக்கு நான் அவ்வளவு முக்கியத்துவம் தருவதில்லை. நகை வாங்கிய கடையே தம்முடைய நகைக்குக் கூடுதல் மதிப்புத் தருவதுண்டு. பழைய ரசீது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

உருக்குவதற்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றை நன்றாக உணர வேண்டும். மூசையில் (தங்கம் உருக்கும் கிண்ணத்தில்) இட்ட நகை திரும்ப நகையாக வராது. விலை பிடிக்கவில்லை என்றால் கட்டியைத்தான் எடுத்து வர வேண்டும். எனவே எந்த விலைக்கு, எந்தக் கணக்கில் என்பது உருக்கும் முன்பே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கல்லையும் நூலையும் பாசியையும் உங்கள் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள். தராசு எடையளவுத் துறையின் முத்திரை பெற்றதா, சுழியில் நிற்கிறதா, மின்விசிறிக் காற்றுப் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உருக்கும் இடத்துக்கு உங்களை அனுமதிக்காத கடையில் உருக்கக் கொடுக்காதீர்கள். வெண்காரம் தூவி உருக்கியபின், மூசையின் அடியிலும் சுவரிலும் தங்கத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று காட்டச் சொல்வதில் வெட்கம் தேவையில்லை. கட்டி ஆறியதும் எடை, அதன்பின் இருபுறமும் மாற்று. உருக்கிய கட்டியின் அளவு நகையில் பார்த்த அளவைவிட நம்பத்தகுந்தது. ஆனால் பரிசோதனை மையம் சொன்னதைவிட மிகக் குறைவாக வந்தால், கட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மையத்துக்கே போய்ச் சோதியுங்கள். கழற்றிய கற்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.

ஹால்மார்க் உள்ள நகை சோதனையில் குறைந்த தரம் காட்டினால், அது விற்ற கடையின் பொறுப்பு. 2018-ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைவன விதிகள்படி, தரக் குறைவால் ஏற்பட்ட வித்தியாசத் தொகையின் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற வழியிருக்கிறது. அப்படிப்பட்ட நகையை உருக்கிவிட்டால் சான்று போய்விடும்.

பணமும் வரியும்

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வணிகர் அதை வருமான வரிக்கான செலவுக் கணக்கில் காட்ட முடியாது. ஆகவே முறையாக நடக்கும் கடை வங்கிக் கணக்கில்தான் பணம் செலுத்தும். ஆதார், பான் அட்டை நகல்களையும் கேட்கும். பெரிய தொகையை ரொக்கமாகத் தர முன்வந்து, சீட்டு வேண்டாம் என்று சொல்பவரிடம் விற்க வேண்டாம். பதிவு பெறாத தனிநபர் தம் பழைய நகையைக் கடைக்கு விற்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்தப் பெயரில் தொகையைக் கழித்தால் கேள்வி கேளுங்கள்.

வருமான வரி வேறு. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரியும் அதன்மேல் மேல்வரியும் உண்டு. மரபாக வந்த நகைக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையும் வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். வேறு வருமானம் அதிகமில்லாத முதியவர் பெயரிலுள்ள நகையை அவரே விற்றால், அடிப்படை விலக்கு வரம்பில் எஞ்சிய அளவுக்கு வரி வராது. பணமாக வாங்காமல் புது நகைக்கு மாற்றிக்கொண்டாலும் வரிக்கண்ணில் அது விற்பனைதான் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. பெரிய அளவில் விற்பதற்கு முன் ஒரு தணிக்கையாளரைக் கேட்டுவிடுங்கள்.

கடையை விட்டு வெளியே வரும்போது மொத்த எடை, கழித்த கல் எடை, உருக்கிய எடை, மாற்று, கிராம் விலை, செலுத்திய தொகை ஆகிய அனைத்தும் அச்சிட்ட சீட்டு கையில் இருக்க வேண்டும், பணம் கணக்கில் ஏறிய செய்தி கைப்பேசிக்கு வந்திருக்க வேண்டும். பொதுச் சொத்தாக இருந்த நகையென்றால், அந்தச் சீட்டின் நகலைப் பங்குள்ள ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே அனுப்பிவிட்டு, மூலச் சீட்டை வருமான வரிக் கணக்குத் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.